என் காதும் பிலோமினாவின் கையும்

எங்கள் ஊர் கிளினிக்கில் புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது என்று தாதி தேவகி என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சின்னப் பெட்டிதான். அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு குமிழ். கர்ப்பிணியின் வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி அந்தக் குமிழை வைத்தால், உள்ளே இருக்கும் பிள்ளையின் இதயம் அடிப்பது அறை முழுக்கக் கேட்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷன்காரனுக்கும் கேட்டுவிட்டது. அவன் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து வந்து வாசலில் நின்றான்.

"என்னாம்மா அப்படிப் பாக்குறீங்க? நம்ம பொழப்புல மண்ணு விழுந்துருச்சேன்னு வருத்தமா?" என்று தேவகி கேலி செய்தாள்.

வருத்தமாவது ஒன்றாவது! அந்தப் பெட்டிக்கு மாலை போட்டுக் கும்பிடலாம் என்று இருந்தது எனக்கு. அது அன்றைக்கே இருந்திருந்தால் ஒரு பிள்ளை சாகாமல் இருந்திருக்கும். அதைச் சொன்னதும் தேவகி விடவில்லை. அவளும் அவள்கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஜப்பான்காரன் காலத்தில் கருவி ஒன்றும் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று நச்சரித்து எடுத்துவிட்டாள். பேறு பார்த்தே காலத்தைக் கழித்தவள் நான். எழுதிப் பழக்கமில்லை. பேசுகிற மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது தம்பினுக்கும் கெமாசுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பதினான்கு வயதில் பால் வெட்டப் போனேன். ஆறு வருஷம் கழித்து ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரத் துரை இரவோடு இரவாகக் காரை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பவில்லை. ரப்பரை வாங்க ஆள் இல்லை. பால் வெட்டின கைகளெல்லாம் மரவள்ளிக் கிழங்கு நட்டன. காய்ச்சலும் காலில் புண்ணுமாகத் தோட்டத்து ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தபோது, தண்ணீர் தூக்கவும் துணி அவிக்கவும் ஒரு பெண் வேண்டும் என்று கேட்டார்கள். வேலைக்கு ஆள் பிரித்துவிடும் தண்டல்காரர் என்னைக் கைகாட்டிவிட்டார். அப்படித்தான் நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். பயிற்சி, படிப்பு, சர்டிபிகேட் எல்லாம் சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து வந்த கதை. அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரக்கூரை போட்ட நீளமான பலகைக் கட்டடம், இருபது கட்டில், பேறு பார்க்க ஒரு தனி அறை. மாதம் இரண்டு தடவை வந்துகொண்டிருந்த வெள்ளைக்கார டாக்டரையும் ஜப்பான்காரன் சிறையில் போட்டுவிட்டான். மிச்சம் இருந்தவர் டிரஸ்ஸர் ஏகாம்பரம். மருந்து கலப்பது, காயம் கட்டுவது, டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவுவது, இதுதான் டிரஸ்ஸரின் வேலை. டாக்டர் போனபிறகு டாக்டரும் அவரே, டிரஸ்ஸரும் அவரே.

அவரைப் பற்றி எழுதினால் நான் நிறுத்த மாட்டேன், ஆனாலும் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் துவைத்த வெள்ளைச் சட்டை. சட்டை கிழிந்து தையல்மேல் தையல் போட்டிருக்கும், ஆனால் அழுக்கு இருக்காது. கோபம் வந்தால் குரல் இறங்குமே தவிர ஏறாது. அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் நடுங்குவோம். ஒரு நாள் ஜப்பான் பட்டாளத்துக்காரர்கள் லாரியில் வந்து இறங்கி, பூதக்கண்ணாடி, காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை, நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாய், அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் வரைக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டும் போனான். லாரி சத்தம் அடங்கும் வரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, என்னோடு வேலை பார்த்த பெண்ணிடம், "சரி, என்னா மிச்சம் இருக்குன்னு பாப்போம். பிலோமினா, எழுதிக்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று கண்டுபிடித்தார். பஞ்சுக்குப் பதில் அவித்துக் காயவைத்த பழந்துணி. புண்ணை மூட வாட்டிய வாழையிலை. ஸ்பிரிட்டுக்கு மரவள்ளிச் சாராயம். அதை அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொள்வார். "இத காயம் குடிக்கணும், காயம் பட்டவன் குடிக்கக் கூடாது" என்பார். கடிகாரம் போய்விட்டதா, கதவு நிலையில் ஆணி அடித்து, ஒரு நூலில் தராசுப் படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். நூலின் நீளம் மூன்று அடி மூன்று அங்குலம். கல் இந்தப் பக்கம் போனால் ஒரு வினாடி, அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வினாடி. நாடி எண்ணுவதெல்லாம் அந்தக் கல்லை ஆடவிட்டுத்தான். பிள்ளையின் இதயத்தைக் கேட்க மூங்கிலில் ஒரு சாண் வெட்டி, ஒரு முனையை அகலமாகவும் மறுமுனையைக் காதுக்குப் பொருத்தமாகவும் செதுக்கித் தேய்த்து எடுத்தார். ஒரு கையால் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் குழாயில் காதை வைக்க வேண்டும். காதில் கேட்பதும் கையில் துடிப்பதும் ஒன்றாக இருந்தால் அது தாயின் ரத்த ஓட்டம். வேறாக, அதைவிட வேகமாக இருந்தால்தான் பிள்ளை.

இனி பிலோமினா. சிரம்பானில் கான்வெண்டில் படித்த பெண். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். சண்டையில் அவரை இழந்து, அத்தை வீட்டோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவள். இங்கிலீஷ் லேபிளை ஒரு பார்வையில் படிப்பாள். அவள் கை இருக்கிறதே, அம்மாடி! சின்னக் கை, மெல்லிய விரல். அவள் ஊசி போட்டால் குழந்தை அழுவதற்கே மறந்துவிடும். கிழிந்த காலை அவள் தைத்தால் தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எனக்கோ வாளி தூக்கின கை, கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை. நான் தொட்டால் பாத்திரம் விழும், துணியை மடித்தால் கோணும். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க அவளைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன். பொய் சொல்வானேன், சாமி கும்பிடும்போதுகூட அவள் கையை எனக்குக் கொடு என்றுதான் கும்பிட்டேன்.

அந்தப் புத்தி என்னை எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? அவளைப் போல் ஊசி போடப் பழகலாம் என்று, மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்த நேரம், கண்ணாடி ஊசிக்குழலை எடுத்துக்கொண்டுபோய் வாழைத்தண்டில் குத்திப் பழகினேன். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் தண்டு வழுக்கி, குழல் கல்லில் விழுந்து நொறுங்கியது. இருந்த இரண்டில் ஒன்று. இன்னொன்று வேண்டுமென்றால் வாங்கக் கடை கிடையாது, கடை இருந்தாலும் சரக்கு கிடையாது.

டிரஸ்ஸர் ஐயா கண்ணாடித் துண்டுகளைத் தன் கையாலேயே பொறுக்கினார். மருந்தைத் தள்ளுகிற, உடையாத உள்தண்டை மட்டும் கழுவித் துடைத்து எடுத்து வைத்தார். குரல் கீழே இறங்கிவிட்டது.

"எதுக்கு எடுத்த?"

"பிலோமி மாதிரி போடணும்னு..."

"பிலோமி மாதிரி போடுறதுக்குத்தான் பிலோமி இருக்காளே. அவள வச்சுக்கிட்டு இன்னொரு பிலோமிக்கு நான் என்னா வேலை குடுப்பேன்?"

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அன்று முழுக்க அழுதேன். பிலோமினாவே வந்து என் பங்குக் கிழங்கை ஊட்டிவிட்டாள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

அடுத்த வாரமோ என்னவோ, வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கொடியில் கிடந்த காயத்துணிகளை நான் அவசரமாக வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஐயா வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் பெரிதாக இல்லை.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒரு நாள்கூட நீ துணிய நனைய விட்டதில்ல. எப்படித் தெரியுது ஒனக்கு?"

"மழை வர்றது கேக்குது ஐயா."

"எங்க?"

"அந்தா, ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட. ரப்பர் எலைமேல விழுவுது."

அவர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. உடனே போய்க் கதவு நிலையில் இருந்த கல்லை ஆடவிட்டு எண்ண ஆரம்பித்தார். நானூறு எண்ணி முடித்துக் கொஞ்சம் தாண்டியதும் தகரக்கூரையில் சடசடவென்று கொட்டியது. அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மூங்கில் குழாயை எடுத்துவந்து என் கையில் வைத்து, "இனிமே நீயும் கேளு" என்றார்.

எனக்கு அது சப்பென்று இருந்தது. தோட்டத்தில் பால் வெட்டும்போதே என்னிடம் மழை வருமா என்று கேட்டுத்தான் பால் பிடிக்கிற மங்கு எடுப்பார்கள்; அதை ஒரு திறமை என்று யாரும் சொன்னதில்லை. காது கேட்கிறது, அதற்கு என்ன? நாய்க்குக்கூடத்தான் கேட்கும். படிக்கவும் தைக்கவும் தெரிந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருக்க, எனக்குக் காது கேட்கிறது என்று எந்த முகத்தோடு பெருமைப்படுவது?

இப்படி நினைத்ததற்குத்தான் ராசாத்தியின் பிள்ளை பலியானது. அதை இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

ராசாத்திக்கு அது மூன்றாவது பேறு. காலையில் வலி கண்டு நடந்தே வந்தாள். பிலோமினா குழாயை வைத்துக் கேட்டு, கல்லை ஆடவிட்டு எண்ணி, நன்றாக இருக்கிறது என்று எழுதினாள். அப்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். மத்தியானம் நான் ராசாத்திக்குக் கஞ்சி கொடுக்கப் போனவள், சும்மா குழாயை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வலி வந்து போனபிறகும் அந்தச் சத்தம் இறங்கியது. இறங்கி, வெகு நேரம் கழித்துத்தான் ஏறியது. அடுத்த வலியில் இன்னும் இறங்கியது. ஓடிப்போய்ப் பிலோமினா வேலை செய்துகொண்டிருந்த அறை வாசலில் நின்றேன். அவள் தலைநிமிராமல் ஒருவன் காலைத் தைத்துக்கொண்டிருந்தாள். கான்வெண்டில் படித்தவள் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டாள், ஊசிக்குழலை உடைத்த நீ யாரடி என்று என் மனசே என்னைக் கேட்டது. வாயை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி இரண்டு சுற்று. மூச்சில்லை. ராசாத்தி ஒப்பாரி வைக்கக்கூட இல்லை, "ஒருக்கா பாத்துக்கிறேன்" என்று மட்டும் கேட்டாள். பிலோமினா சுவரில் சாய்ந்துகொண்டு, "காலைல நல்லாத்தானே இருந்துச்சு, நல்லாத்தானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் சொல்லவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துக் காளியம்மாவைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை. அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. தூக்கிவர ஆம்பளைகள் இல்லாததால் தோட்டத்துக் குடியிருப்பு லயத்திலிருந்து பெண்கள் நாலு பேர் சாரோங்கைக் கம்பில் கட்டித் தூளியாக்கி அவளைத் தூக்கி வந்தார்கள். வலி கண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

டிரஸ்ஸர் ஐயா பார்த்தார். தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. காளியம்மாவின் உதடு வெடித்து, உடம்பு நெருப்பாகக் கொதித்தது, நாடி ஓடியது. ஐயா மூங்கில் குழாயைத் தொப்புளுக்குக் கீழே இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். பிறகு பிலோமினாவிடம் நீட்டினார். அவளும் கேட்டுவிட்டு இல்லை என்று தலையை அசைத்தாள். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. ரயில் பட்டாளத்துக்கு மட்டும். மயக்க மருந்து தீர்ந்து ஆறு மாதம்.

ஐயா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் பட்டப்பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "தாயையாவது காப்பாத்துவோம்" என்று சொல்லிவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீளமான கத்தரியை எடுத்து, நான் அடுப்பில் வைத்திருந்த மண்ணெண்ணெய் டின் தண்ணீரில் போட்டார். வயிற்றில் இறந்துபோன பிள்ளையின் தலையைத் துளைத்துச் சிறிதாக்கி வெளியே எடுப்பதற்கான கத்தரி அது. நான் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொதிக்கட்டும் என்று தள்ளுகிறேனா, கொதிக்கக் கூடாது என்று வேண்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துவிடலாம் என்று உள்ளே போனேன். காளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு வந்து கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? இத ஒண்ணத்தான் விட்டுட்டுப் போனாரு" என்றாள். கீழே துணி மாற்ற அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அப்போது, ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள், குழாய் இல்லாமல் வெறும் காதையே அவள் விலாவுக்குக் கீழே, இடுப்பெலும்பை ஒட்டி வைத்தேன்.

கேட்டது. ரொம்ப ஆழத்தில், தலையணைக்கு அடியில் வைத்த கடிகாரம் மாதிரி. அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அது வேறு, இது வேறு. பிள்ளை உயிரோடு இருக்கிறது.

எழுந்து வாசல்வரை வந்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு பேர் கேட்டுவிட்டு இல்லை என்கிறார்கள். நீ யாரடி என்று அதே பழைய கேள்வி. ஐயா இடுக்கியால் டின்னிலிருந்து அந்தக் கத்தரியை வெளியே எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"ஐயா, அத வச்சிருங்க! பிள்ளை இருக்கு!"

"பாக்கியம், நாங்க ரெண்டு பேருமே பாத்துட்டோம்" என்றாள் பிலோமினா மெதுவாக.

"எனக்குக் கேக்குது பிலோமி. அன்னிக்கி ராசாத்தி பிள்ளைக்கும் கேட்டுச்சு. எறங்கி எறங்கிப் போனது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல. இன்னிக்கும் மூடிக்கிட்டு இருந்தா நான் மனுசியே இல்ல!"

ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. "அத அப்புறம் அழுவலாம். இப்ப எங்க கேக்குதுன்னு காட்டு" என்றார்.

காட்டினேன். அவர் அந்த இடத்தில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நிமிர்ந்தார்.

"எனக்குக் கேக்கல."

ஆனால் அவர் காளியம்மாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளையோட முதுகு தாயோட முதுகுப் பக்கம் திரும்பிக் கெடந்தா சத்தம் முன்னால கேக்காது. ஓரத்துல, இடுப்புக்கிட்ட, ஆழத்துலதான் கேக்கும். இத நான் ஒனக்கு எப்பவாச்சும் சொல்லிக் குடுத்தேனா?"

"இல்ல ஐயா."

"சொல்லிக் குடுக்காத எடத்தக் காட்டுற. அப்ப நீ கற்பனை பண்ணல." கத்தரியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் தள்ளினார். "முகம் மேல பாத்துக் கெடக்கு. அதான் எறங்க மாட்டேங்குது. தலையத் திருப்பிட்டா ஆயுதம் போட்டு இழுத்துரலாம். என் கை பெருசு, உள்ள போவாது."

"என் கை போவும்" என்றாள் பிலோமினா. ஏற்கெனவே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அவளுக்குக் கேக்குதுன்னா கேக்குது ஐயா. அவ காது அப்படி. நான் திருப்புறேன்."

அவளைப் பார்த்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன்! அந்த நிமிஷம் அவள் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாராயத்தில் கையைக் கழுவினார்கள். ஆயுதம் என்றால் இரண்டு நீளமான இரும்புக் கரண்டிகள் பூட்டின மாதிரி இருக்கும். அதைக் கொதிநீரில் போட்டார்கள். என் வேலையை ஐயா சொன்னார். "காத எடுக்காத. கேக்குறத அப்படியே விரலால தட்டு. நீ தட்டுறதப் பாத்துக்கிட்டே நாங்க செய்யிறோம். நின்னா நிறுத்து." நான் காளியம்மாவின் இடுப்போரம் மண்டிபோட்டு, காதை வைத்து, அவள் விரித்த உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தேன். டப்டப் டப்டப் என்று வேகமாக. அவள் முகம் திரும்பியது.

"அக்கா, இது என்னா?"

"ஒன் பிள்ளைடி."

அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாயில் துணியைக் கடித்துக்கொண்டாள்.

பிலோமினா கையை உள்ளே விட்டபோது காளியம்மா போட்ட சத்தத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வலி வரும்போது என் விரல் மெதுவானது. வலி போனதும் வேகமானது. பிலோமினா அதைப் பார்த்தே நிறுத்துவாள், பார்த்தே தொடங்குவாள். நெற்றி வேர்வை மூக்கில் சொட்ட, கண்ணை என் விரலைவிட்டு எடுக்காமல் தன் விரல்நுனியால் அந்தச் சின்னத் தலையைத் தேடினாள். அப்போதுதான் எனக்கு இன்னொன்று கேட்டது.

"ஐயா, மழை வருது."

ஐயாவின் முகம் மாறியது. தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. "எவ்வளவு நேரம் இருக்கு?"

"ஒரு நிரை மரத்துல பால் எடுக்குற நேரம். அதுக்கு மேல இல்ல."

"பிலோமினா, கேட்டுச்சா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்லத் திருப்பினாள். கொஞ்சம் நழுவியது, மறுபடி பிடித்தாள். "வருது... வருது... வந்துருச்சு ஐயா, திரும்பிருச்சு!" ஐயா ஆயுதத்தை எடுத்து ஒரு பக்கம் போட்டார், மறுபக்கம் போட்டார், பூட்டினார். அந்த நேரம் கூரைமேல் மழை இறங்கியது.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுகாதை விரலால் அடைத்தேன், போர்வையைத் தலைமேல் இழுத்து மூடினேன். மழைதான் கேட்டது. பிள்ளை நின்றுவிட்டதா, என் காதுதான் நின்றுவிட்டதா? நின்றால் நிறுத்து என்று ஐயா சொல்லியிருக்கிறார். ஆனால் காளியம்மாவின் உள்ளங்கை என் விரலுக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. நான் நிறுத்தினால் அவள் என்ன நினைப்பாள்? இரண்டு நாள் செத்துப் பிழைத்தவள், அதற்குமேல் முக்குவாளா? நான் தட்டினேன். கேட்காததைக் கேட்பதாகத் தட்டினேன். போர்வையை விலக்கி ஐயாவைப் பார்த்துக் கேட்கவில்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "முக்கும்மா! இப்ப முக்கு!" என்று கத்தி இழுத்தார். குரல் உயர்ந்து அவர் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்று வலியில் பிள்ளை வெளியே வந்தது. பெண். நீலம் பாரித்து, துணி மாதிரி தொங்கியது. ஐயா வாயைத் துடைத்து, வாயில் வாய் வைத்து ஊதினார். பிலோமினா என் தலையைப் பிடித்துக் குழந்தையின் நெஞ்சில் அமுக்கினாள். "கேளு பாக்கியம், கேளு!" விரற்கடை நெஞ்சு. காது அதன்மேல் அப்படியே படிந்தபோது மழையையும் மீறிக் கேட்டது. மெதுவாக, ஒன்று... ஒன்று... "அடிக்குது!" என்று ஐயாவின் தோளில் தட்டினேன். அவர் ஊதினார், நான் தட்டினேன். ஊதினார், தட்டினேன். என் விரல் வேகமானது. பிறகு அது முகத்தைச் சுளித்து, காலை உதைத்து, அழுதது. அதைக் கேட்க என் காது தேவைப்படவில்லை. லயத்திலிருந்து வந்து வராந்தாவில் காத்திருந்த பெண்களெல்லாம் மழைக்குள்ளேயே குலவை போட்டார்கள்.

மறுநாள் காலையில் ஐயா என்னைக் கூப்பிட்டு ராசாத்தி விஷயம் பேசினார். உன்மேல் தப்பில்லை என்று சமாதானம் சொல்லவில்லை. "தப்புதான். பெரிய தப்பு. கடவுள் ஒனக்குக் குடுத்தத நீ மட்டமா நெனச்ச, அது ஒரு வீட்டுல போயி விழுந்துச்சு. ராசாத்திக்கிட்ட நீயே சொல்லு" என்றார். பிலோமினா என்கூட வந்தாள். ராசாத்தி முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளே எழுந்து போனாள். அடுத்த பேற்றுக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாசலிலேயே நின்று, "அந்தக் காதுக்காரியக் கூப்புடுங்க" என்றாள். அதற்குமேல் எனக்கு வேறு சர்டிபிகேட் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது பிள்ளை பிறந்த அந்த மத்தியானத்தைத்தான். மழை விட்டிருந்தது. பிலோமினா தைத்து முடித்துக் கை கழுவப் போயிருந்தாள். காளியம்மா பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து ரத்தத் துணிகளை அள்ளிக்கொண்டிருந்தேன்.

"அக்கா."

"என்னாடி?"

"மழை வந்த ஒடனே நீ சும்மாதான தட்டுன?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு முந்தி கொறஞ்சுச்சு, கூடுச்சு. மழைல ஒரே மாதிரி இருந்துச்சு."

துணிகளைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சுமாடி முக்குன? நான் பொய்யா தட்டுறேன்னு தெரிஞ்சுமா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. பிள்ளையின் முதுகில் ஒரு விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"நீ நிறுத்தலியே, அக்கா."